கிராம்பு

காலை ஏழு மணியிலிருந்து
நான்கு முறை செத்துவிட்டேன்.
ஐந்தாவதுக்கு வெளிச்சம் போதவில்லையாம்,
காத்திருக்கிறோம்.
நவம்பரில் திஸா ஆறு
பாத்திரம் கழுவிய தண்ணீரின் நிறம்.
பாவாடை விளிம்பில் ஈயக் குண்டுகள்,
வெள்ளைப் பட்டுக்குள் கறுப்பு ரப்பர் உடுப்பு,
ஆற்றின் அடியில்
மூச்சுக் குழாயோடு எலெமேர்.
முகம் நட்சத்திரத்துடையது.
முதுகும் மூழ்குவதும் என்னுடையவை.

ஹெர்மினா இந்த ஊரில் பிறக்கவில்லை.
பிறக்கவே இல்லை.
நூற்று நாற்பது வருடத்துக்கு முன்
யாரோ ஒருவர் மை தொட்டு எழுதினார்.
ஆனாலும் படித்துறையில் அவளுக்குச் சிலை உண்டு;
இடது முழங்கால் மட்டும்
தொட்டுத் தொட்டுப் பளபளக்கிறது.
படகு ஹோட்டலில் அவள் பெயரில் மீன் சூப்.
பேனாவுக்குள் அவள் உருவம்,
கவிழ்த்துப் பிடித்தால் மூழ்குவாள்,
நிமிர்த்தினால் மிதப்பாள்.
பனிச்சறுக்கு நாடகத்தில்
மூன்று சுற்றுச் சுழன்று செத்தாள்.
தொலைக்காட்சித் தொடரில் சாகவே விடவில்லை,
விளம்பரதாரர் பற்பசைக் கம்பெனி,
முந்நூற்றுப் பன்னிரண்டாம் பகுதியிலும்
எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தாள்.
பள்ளிக்கூடப் பெண்கள்
குளியல் தொட்டியில் கூந்தலை விரித்து மல்லாந்து
படம் எடுத்துப் போடுகிறார்கள்.

நான் புத்தகத்தைப் படித்தது போன வாரம்தான்.
ஒப்பனை வேனில்,
ஜிதா என் தலையில் அவள் கூந்தலை
ஊசி ஊசியாகக் குத்திக்கொண்டிருந்தபோது.
கடைசி அத்தியாயம்.
அதில் காதலன் இல்லை. நிலா இல்லை.
மூன்று நாளாகத் தூங்காத ஒருத்தி இருக்கிறாள்.
கடைவாய்ப் பல்.
கிராம்பைக் கன்னத்தில் அதக்கியபடி
சுங்கச் சாவடிப் பேரேட்டில்
அப்பாவின் கையெழுத்தைப் போட்டவள்,
பிடிபட்டவள்,
பல் பிடுங்குகிறவனுக்கென்று முடிந்துவைத்த காசைப்
படகுக்காரனிடம் நீட்டி
மீதி கேட்கிறாள்.
ஆமாம், மீதி கேட்கிறாள்.
நான்கு செப்புக் காசு.
அதை அவன் தேடி எடுக்கிற வரை
ஒரு முழுப் பக்கம்.
பிறகு படகு அக்கரை சேர்கிறது.
இறங்க ஆளில்லை.
அவ்வளவுதான் எழுதியிருக்கிறார்,
குதித்தாள் என்றுகூட இல்லை.

ஆறு சினிமாவிலும் குதிக்கிறாள்.
ஆறிலும் வெள்ளை.
ஆறிலும் உதடு லேசாகத் திறந்து.
ஒன்றில்கூடக் கன்னம் வீங்கவில்லை.

இது ஏழாவது.
இயக்குநர் லெகோட்சியிடம் சொல்லிப் பார்த்தேன்,
துண்டுக்குள் வெடவெடத்துக்கொண்டே.
"அட, நல்ல விஷயம்" என்றார் மேகத்தைப் பார்த்தபடி.
"ஆனால் போரோக்கா,
பல்வலிக்கு யார் அழுவார்கள்?"

வந்தவள் அழுவாள்.
என் வலது கீழ்த்தாடையில்
காப்பீட்டில் சேராத பல் ஒன்று இருக்கிறது.
குளிர் பட்டால்
காது வரைக்கும் கம்பி பாயும்.
பாறையிலிருந்து விழ, தீயில் நடக்க
ஆளைத் தேடி வருகிறவர்கள்
வாயைத் திறந்து பார்ப்பதில்லை.

மேகம் விலகியது. கூச்சல் போட்டார்கள்.
ஐந்தாவது முறை.
கூந்தல் சொன்னபடி விரிந்தது,
ஈயம் சொன்னபடி இழுத்தது,
கைகளை இறக்கைபோல் விரிக்க வேண்டும்,
விரித்தேன்.
அப்புறம் தண்ணீர்
பல்லைக் கண்டுபிடித்தது.
வலது கை தானாகப் போய்க்
கன்னத்தைப் பொத்திக்கொண்டது.

மேலே வந்தேன்.
ஒரு நிமிடம் கரையில் யாரும் பேசவில்லை.
"இன்னொன்று," என்றது ஒலிபெருக்கி,
"கை விரிந்தே இருக்கட்டும்."

ஜிதா மட்டும் முட்டியளவு தண்ணீரில் இறங்கி வந்து
எந்தப் பக்கம் என்று கேட்டாள்.
அவள் பையில் ஒரு பொட்டலம்,
ராத்திரி ஒயின் காய்ச்ச வாங்கியதாம்.

ஆறாவது முறை
கைகளை விரித்தே வைத்திருந்தேன்.
எல்லோருக்கும் திருப்தி. கைதட்டினார்கள்.
அடியில் எனக்கு மூச்சுக் கொடுத்துவிட்டுக்
குழாயைத் திரும்ப வாயில் வைத்த எலெமேர்தான்
கரையேறியதும் கேட்டார்,
என்ன காரம் அது, போரோக்கா?